தொழில் கற்றுக்கொடுத்தால் அடிதடி குறையுமா?

கேள்வி இதுதான்: "எங்கள் பகுதியில் இளைஞர்களுக்குள் அடிக்கடி கோஷ்டித் தகராறு வருகிறது. இரண்டு முறை கத்திக்குத்து வரைக்கும் போய்விட்டது. வேலை இல்லாமல் சுற்றுகிற பையன்களுக்காக ஒரு தொழிற்பயிற்சி மையம் தொடங்கலாம் என்று சிலர் சேர்ந்து யோசிக்கிறோம். இதனால் உண்மையிலேயே வன்முறை குறையுமா? குறையும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். வெறும் தொழிற்பயிற்சியால் வன்முறை குறைந்ததற்கு ஆதாரம் ரொம்பக் குறைவு. பயிற்சியோடு கையில் காசு வருகிற ஒரு வேலை, கோபத்தை அடக்குகிற பழக்கம், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வயதில் மூத்த ஒருவர், ஊர்க் காரியத்தில் அந்தப் பையனின் பேச்சுக்கும் ஒரு மதிப்பு, இவையெல்லாம் சேரும்போது குறைகிறது, சில இடங்களில் பாதிக்குப் பாதி கூடக் குறைந்திருக்கிறது. நான் இப்படிப்பட்ட திட்டங்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து, பேனரைச் சுருட்டி வைத்ததோடு முடிந்துபோன திட்டங்களையும் பார்த்திருக்கிறேன், அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு மறுவாரமே சண்டைக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

"வேலை இல்லை, பொழுது போகவில்லை, அதனால்தான் அடித்துக்கொள்கிறார்கள்" என்பது எல்லோரும் சொல்வது. கேட்க சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை இல்லாத இளைஞர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் தொடுவதில்லை, நல்ல வேலையில் இருந்துகொண்டே கத்தி எடுத்தவர்களும் உண்டு. ஆப்கானிஸ்தான், இராக், பிலிப்பைன்ஸ் மூன்று நாடுகளிலும் வேலையின்மை அதிகமுள்ள இடங்களில் கிளர்ச்சித் தாக்குதல்களும் அதிகமா என்று தேடிப் பார்த்த ஒரு ஆய்வு 2011இல் வந்தது. அப்படி எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை, பார்க்கப்போனால் வேலையின்மை அதிகமான இடங்களில் தாக்குதல் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. அது போர்க்களம், தெருச் சண்டை வேறு என்று நீங்கள் சொல்லலாம். சரி, தெருச் சண்டைக்கே வருவோம்.

உங்கள் பகுதியில் கடைசியாக நடந்த சண்டை எதில் ஆரம்பித்தது என்று விசாரித்துப் பாருங்கள். காசுக்காக இருக்காது. "என்னடா முறைக்கிற" என்ற ஒரு வார்த்தை, பைக்கை உரசிக்கொண்டு போனது, யாரோ யாருடைய தங்கையைப் பற்றியோ ஒரு குரூப்பில் போட்ட மெசேஜ், இப்படித்தான் இருக்கும். பத்து நிமிடம் யாராவது பிடித்து வைத்திருந்தால் நடந்திருக்காத சண்டை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மா சொல்லவில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள், விட்டுக்கொடுத்தால் கெத்து போய்விடும், நாளைக்கு எவனும் மதிக்க மாட்டான் என்ற கணக்கு அந்த நேரத்தில் அவன் தலைக்குள் ஓடுகிறது. வெல்டிங் தெரிந்திருப்பது அந்தக் கணக்கை மாற்றாது. பயிற்சி மையம் தொடங்குகிறவர்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

சிகாகோவில் ஒரு சின்னப் பயிற்சி கொடுப்பார்கள். இரண்டிரண்டு பையன்களாக உட்கார வைத்து, ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுத்து இறுக்கி மூடிக்கொள்ளச் சொல்வார்கள். மற்றவனிடம் "முப்பது விநாடிக்குள் அந்தப் பந்தை வாங்கு" என்பார்கள். அவ்வளவுதான், விரலை முறுக்குவது, கையை மடக்குவது, தரையில் உருளுவது என்று அறையே ரணகளமாகிவிடும். பிறகு இடம் மாற்றி இன்னொரு முறை, அப்போதும் அதே கதை. முடிந்ததும் பயிற்றுநர் நிதானமாகக் கேட்பார்: "ஏம்ப்பா, யாருமே 'பந்தைக் கொடு' என்று வாய் திறந்து கேட்கவில்லையே?" கேட்டால் தன்னைக் கோழை என்று நினைப்பான் என்பார்கள். உடனே எதிரில் இருப்பவனிடம் "இவன் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்பார். "கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே" என்று அவன் சொல்வான். ஒரு நிமிடம் அறையே அமைதியாகிவிடும். இப்படிப் பல அமர்வுகள் கொண்ட அந்தத் திட்டத்தைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் ஆள் எடுத்து, பெயர் வராதவர்களோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆனால் முதல் சோதனையில், திட்டம் நின்ற பிறகு அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை.

அதே நகரத்தில் 2012 கோடையில் இன்னொரு சோதனை. வன்முறை அதிகமுள்ள 13 பள்ளிகளிலிருந்து 1,634 பேர். குலுக்கலில் பெயர் வந்தவர்களுக்கு எட்டு வாரம், வாரத்துக்கு 25 மணி நேரம், குறைந்தபட்சக் கூலியில் வேலை. பெரிய வேலை ஒன்றும் இல்லை, சின்னப் பிள்ளைகளின் முகாமைப் பார்த்துக்கொள்வது, காலி மனையைச் சுத்தம் செய்து தோட்டம் போடுவது, அலுவலகத்தில் எடுபிடி வேலை, அந்த மாதிரி. ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் என்று வழிகாட்டி வைத்தார்கள். நேரத்துக்கு எழுந்து வருவது, மேலாளரோடு ஒத்துப்போகவில்லை என்றால் எப்படிப் பேசுவது, பஸ்ஸுக்கு வழி, இதெல்லாம் அவர் பொறுப்பு. சாரா ஹெல்லர் என்ற ஆய்வாளர் 2014இல் முடிவை வெளியிட்டார். 16 மாதத்தில் வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் 43% குறைவு. இதில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது வேறு ஒன்று. குறைந்ததில் பெரும்பகுதி அந்த எட்டு வாரம் முடிந்த பிறகு நடந்தது. வேலையில் இருந்ததால் சண்டைக்கு நேரமில்லை என்பது மட்டும் காரணமாக இருந்தால் வேலை முடிந்ததும் பழையபடி ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. அந்த எட்டு வாரத்தில் வேறு ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த "வேறு ஏதோ" என்ன என்பதற்கு என்னிடம் இருப்பது நான் பார்த்த ஒரு சம்பவம். ஒரு பையன், வெல்டிங் வகுப்பில் நன்றாகச் செய்தவன், பட்டறையில் சேர்ந்த நாலாவது நாள். வெல்டிங் அடித்த இடம் மேடும் பள்ளமுமாக வந்துவிட்டது. ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் "இது கையா காலா?" என்று கேட்டுவிட்டு, கிரைண்டரை எடுத்து அதை மொத்தமாகத் தேய்த்துத் தள்ளினார். பையன் ஹெல்மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே போனான், சாயங்காலம் இரண்டு நண்பர்களோடு வந்து வாசலில் நின்றான். கைகலப்பு ஆகாமல் தடுத்தோம், ஆனால் வேலை போனது போனதுதான். எங்கள் தப்பு என்ன என்றால், மூன்று மாதம் ராடு பிடிக்கக் கற்றுக்கொடுத்த நாங்கள், திட்டு வாங்கக் கற்றுக்கொடுக்கவே இல்லை. அடுத்த அணியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இதையே நாடகம் மாதிரி செய்தோம். பயிற்றுநர் ஃபோர்மேனாக நடிப்பார், கண்டபடி திட்டுவார், பையன் மூச்சை இழுத்து விட்டு "சரி அண்ணே, எங்கே தப்பு, காட்டுங்க" என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் சிரிப்பு, இரண்டாவது வாரம் உண்மையிலேயே கோபம் வந்துவிடும், நாலாவது வாரத்துக்குள் அந்த வாக்கியம் தானாக வாயில் வர ஆரம்பிக்கும். பாடத்திட்டத்தில் இதற்கு நேரம் ஒதுக்காதவர்களோடு நான் இப்போதெல்லாம் வாதாடுவதே இல்லை, அவர்களே ஒரு நாள் வாசலில் நிற்கிற மூன்று பேரைப் பார்ப்பார்கள்.

கையில் காசு பற்றிச் சொன்னேன். லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் நடந்த சோதனைதான் இதற்கு நல்ல சாட்சி. உள்நாட்டுப் போர் முடிந்த நாடு, திருட்டு, போதை விற்பனை, வழிப்பறி என்று இருந்த 999 பேரை எடுத்தார்கள். சிலருக்கு எட்டு வாரம் மனப்பயிற்சி மட்டும், சிலருக்கு 200 டாலர் பணம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. மனப்பயிற்சி என்றால் வகுப்பறையில் உட்கார்ந்து அறிவுரை கேட்பது இல்லை. முடி வெட்டி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, இதுவரை உள்ளே நுழையத் தயங்கிய வங்கிக்கும் பெரிய கடைகளுக்கும் போய், அங்கே இருப்பவர்களோடு மரியாதையாகப் பேசிவிட்டு வர வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம். பயிற்றுநர்களில் சிலரே முன்பு துப்பாக்கி தூக்கியவர்கள். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது பணம் மட்டும் வாங்கியவர்களிடம் மாற்றம் தங்கவில்லை. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் தொடக்கத்தில் தெரிந்த மாற்றம் மெல்ல மங்கியது. இரண்டும் பெற்றவர்களிடம் நிலைத்தது, பத்து ஆண்டு கழித்தும் நிலைத்திருந்தது. 

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொடுத்த பணத்தைக் குடித்துத் தீர்ப்பார்கள் என்று பலரும் நினைத்தார்கள். பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை, சின்ன வியாபாரம் தொடங்கினார்கள். ஆனால் திருட்டு மலிந்த இடம் அது, சேர்த்ததைக் களவு கொடுத்துவிட்டு ஓர் ஆண்டுக்குள் பழைய வருமானத்துக்கே வந்துவிட்டார்கள். அப்புறம் ஏன் நடத்தை மட்டும் மாறியே இருந்தது? ஆய்வாளர்களின் ஊகம், அந்தச் சில மாதங்கள் அவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஒரு வியாபாரியாக வாழ்ந்து பார்த்துவிட்டான், அந்தப் பழக்கம் ஊறுவதற்குப் பணம் அவகாசம் கொடுத்தது என்பது. எனக்கும் அப்படித்தான் படுகிறது. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கொடுக்க உங்களிடம் நிதி இல்லை என்றால், ஆட்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அந்தப் பாதிப் பேருக்காவது கொடுங்கள். காசு கொடுக்காமல் ஆறு மாதம் வரச் சொன்னால், ஏற்கெனவே வீட்டில் சோற்றுக்குக் கவலை இல்லாத, சண்டைக்கே போகாத பையன்கள்தான் கடைசிவரை வருவார்கள். நீங்கள் யாருக்காகத் தொடங்கினீர்களோ அவர்கள் வர மாட்டார்கள்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் தவணையாகக் கொடுப்பதும் நல்லது. அதே லைபீரியாவில் முன்னாள் போராளிகளுக்கு விவசாயப் பயிற்சியும் முதலீட்டுப் பொருளும் கொடுத்த இன்னொரு திட்டத்தில், பக்கத்து நாடான ஐவரி கோஸ்டில் 2010, 2011இல் போர் மூண்டு கூலிப்படைக்கு ஆள் பிடித்தபோது, அதில் ஆர்வம் காட்டாமல் ஒதுங்கி நின்றவர்கள் குறிப்பாக இன்னொரு தவணை வரவேண்டியிருந்தவர்கள்தான். இழப்பதற்கு ஏதாவது இருக்கிறவன் யோசிக்கிறான்.

யாரைச் சேர்ப்பது என்பது பயிற்சியை விடக் கஷ்டமான கேள்வி. விளம்பரம் ஒட்டினால் நல்ல பையன்கள் வருவார்கள். சிகாகோவில் 2017இல் தொடங்கிய, 18 மாதம் வேலையும் மனப்பயிற்சியும் கொடுத்த ஒரு பெரிய திட்டத்தில் ஆள் எடுக்க மூன்று வழி வைத்தார்கள்: யார் துப்பாக்கி வன்முறையில் சிக்கக்கூடும் என்று சொல்லும் கணினிக் கணக்கு, சிறையிலிருந்து வெளிவருபவர்கள், தெருவில் இறங்கி வேலை செய்யும் ஊழியர்களின் பரிந்துரை. மொத்தமாக எல்லா வகை வன்முறையையும் சேர்த்துப் பார்த்தபோது முடிவு உறுதியாக எதையும் சொல்லவில்லை, துப்பாக்கிச் சூடு, கொலை தொடர்பான கைதுகள் மட்டும் நன்றாகக் குறைந்திருந்தன. ஆனால் தெரு ஊழியர்கள் பரிந்துரைத்தவர்களிடம் பலன் மற்றவர்களை விட அதிகம் தெரிந்தது. எவன் மாறத் தயாராக இருக்கிறான் என்பது கணினிக்குத் தெரியாது, அவனோடு தினமும் நின்று பேசுகிற ஆளுக்குத் தெரியும். உங்கள் பகுதியிலும் அப்படி ஓர் ஆள் இருப்பார், முன்பு வம்புக்குப் பேர்போனவராக இருந்து இப்போது குடும்பம் குட்டி என்று ஆனவர். அவரைச் சம்பளத்துக்கு வையுங்கள், "சேவையாகச் செய்யுங்கள் அண்ணா" என்று சொல்லாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அடங்காத பையன்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரே அறையில் போட்டுவிட்டு, பெரியவர்கள் வெளியே டீ குடிக்கப் போகக் கூடாது. அமெரிக்காவில் 1939இல் 506 சிறுவர்களை வைத்து ஒரு தடுப்புத் திட்டம் தொடங்கினார்கள், பாதிப் பேருக்கு ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தபோது, உதவி பெற்றவர்கள் பெறாதவர்களை விடப் பல விஷயங்களில் மோசமாக இருந்தார்கள். அதிலும் கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம் கெட்டிருந்தார்கள். ஒருவன் தன் அடாவடிக் கதையைச் சொல்ல, மற்றவன் சிரித்துப் பாராட்ட, அங்கேயே ஒரு பள்ளிக்கூடம் நடந்துவிடுகிறது. ஆகவே கலந்து சேருங்கள், அணியைச் சின்னதாக வையுங்கள். சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டுப் பயமுறுத்துகிற யோசனையை யாராவது கொண்டுவந்தால் உடனே மறுத்துவிடுங்கள், அப்படிப் பயமுறுத்தப்பட்டவர்கள் பிறகு அதிகமாகக் குற்றம் செய்தார்கள் என்பது திரும்பத் திரும்பச் சோதித்து உறுதியான விஷயம்.

எந்தத் தொழில் கற்றுக்கொடுப்பது என்று நிறையப் பேர் என்னிடம் கேட்பார்கள். எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் கிடையாது. முதலாளி யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள், தொழில் தானாகத் தெரிந்துவிடும். போலீஸ் வழக்கு உள்ள பையனை எடுத்துக்கொள்வேன் என்று நேரில் சொல்லுகிற ஐந்து முதலாளிகள் கிடைத்த பிறகு பயிற்சிக்கு மெஷின் வாங்கினால் போதும்.

அடுத்து சமூகப் பங்கேற்பு. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் அலுப்பு வரும், ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் அதன் பொருள் பையன்களைக் கூப்பிட்டுக் குப்பை அள்ள வைத்து, டி-ஷர்ட் கொடுத்து, பெரியவர்கள் மேடையில் பேசுவது. அதில் பங்கேற்பது கையும் காலும் மட்டும், வாய்க்கு வேலையில்லை. ஆனால் சரியாகச் செய்தால் இதில் பெரிய சக்தி இருக்கிறது. சோமாலியாவின் வடக்கில் இருக்கிற சோமாலிலாந்தில் மெர்சி கோர் என்ற உதவி நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பாருங்கள். உயர்நிலைப் படிப்பு மட்டும் கிடைத்த இளைஞர்கள் வன்முறையில் இறங்குவது குறைந்தது, ஆனால் வன்முறை நியாயம்தான் என்று நினைப்பது கூடியது! படித்தான், உலகம் புரிந்தது, தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதும் புரிந்தது, கோபம் ஏறியது. அதே படிப்போடு, தங்கள் ஊரில் என்ன பிரச்சினை என்று தாங்களே பார்த்து, திட்டம் போட்டு, செய்து முடிக்கிற வாய்ப்பும் கிடைத்தவர்களிடம் இரண்டுமே குறைந்தன. தொழிற்பயிற்சிக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். கையில் தொழிலும் மனதில் அவமானமும் இருக்கிற பையன், தொழில் தெரியாத பையனை விடச் சாந்தமாக இருப்பான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கொலம்பியாவின் மெடயின் நகரத்தில் மலைச்சரிவில் இருந்த ஏழைக் குடியிருப்புகளுக்கு 2004இல் கம்பிவட ஊர்தி (கேபிள் கார்) விட்டார்கள், கூடவே நூலகம், பூங்கா, தெருவிளக்கு, அந்தந்தப் பகுதி மக்களே நிதியில் ஒரு பங்கை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்கிற ஏற்பாடு. 2003க்கும் 2008க்கும் இடையில் அந்தப் பகுதிகளில் கொலைகள் குறைந்த வேகம், அப்படி எதுவும் செய்யாத அதே மாதிரிப் பகுதிகளை விட 66% அதிகம். பிலடெல்பியாவில் இன்னும் சின்ன வேலை. 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியைச் சுத்தம் செய்து, புல் போட்டு, தாழ்வாக ஒரு மரவேலி வைத்தார்கள். வறுமைப் பகுதிகளில் அந்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29% குறைந்தது. வேலி அடிப்பது, புல் வெட்டுவது, பெயின்ட் அடிப்பது, விளக்குக் கம்பம் நடுவது எல்லாமே உங்கள் பயிற்சி மையம் கற்றுக்கொடுக்கப் போகிற வேலைகள்தானே! முதல் அணி முதலில் செய்கிற வேலை அவர்கள் தெருவிலேயே, கூலியோடு, அவர்களே தேர்ந்தெடுத்த இடத்தில் இருக்கட்டும். நேற்று வரை இவனைப் பார்த்தால் கதவைச் சாத்திய பாட்டி இன்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ" என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பையன் அடுத்த நாள் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டான்.

பங்கேற்பு நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்க ஒரு வழி, அவர்கள் கையில் ஒரு தொகையைக் கொடுத்து அவர்கள் எடுக்கிற முடிவை நீங்கள் மாற்றாமல் இருக்க முடிகிறதா என்று பார்ப்பது. உங்களுக்கு நூலகம் வேண்டும் என்று தோன்றும், அவர்கள் இரவில் பந்தாட விளக்கு வேண்டும் என்பார்கள். விளக்கையே போடுங்கள். கமிட்டியில் பெண்களும் இருக்கட்டும். எந்த வீட்டில் பழிக்குப் பழி பேச்சு ஓடுகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் போலீஸ் 2005இல் தொடங்கிய வன்முறைக் குறைப்புப் பிரிவு, கோஷ்டிப் பையன்களை நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தபோது, போலீஸ் பேசியதை விட, மகன் தாக்கப்பட்ட ஒரு தாய் எழுந்து பேசியதுதான் அவர்களைத் தலைகுனிய வைத்தது. பேச்சு முடிந்ததும் வேலை, பயிற்சி, போதை மீட்பு எல்லாவற்றுக்கும் உதவி கேட்க ஒரே ஒரு தொலைபேசி எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மனது இளகிய அதே நாளில் கையில் ஒரு வழியும் இருந்தது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கட்டடம் தேடாதீர்கள். முதல் இரண்டு மாதம் அந்தப் பழைய வம்புக்காரரையும், பட்டறை முதலாளிகள் ஐந்து பேரையும், பையன்களில் நாலைந்து பேரையும் தனித்தனியாகச் சந்தித்துப் பேசுவதிலேயே போகட்டும். முதல் ஆண்டு இருபது பேருக்கு மேல் வேண்டாம். கணக்கு வைக்கும்போது எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்று எண்ணாமல், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். வன்முறை குறைந்ததா என்று பார்க்கப் போலீஸ் வழக்குகளை மட்டும் நம்ப வேண்டாம், பாதிச் சண்டைகள் அங்கே போவதே இல்லை. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஜோனதன் ஷெப்பர்ட் என்ற அறுவை மருத்துவர், அவசரப் பிரிவுக்குக் காயத்தோடு வருகிறவர்களிடம் எங்கே, எப்போது, எதனால் அடிபட்டது என்று மட்டும் கேட்டு, பெயர் இல்லாமல் குறித்து வைத்து, அந்தத் தகவலைப் போலீசுக்கும் நகராட்சிக்கும் கொடுக்கிற ஏற்பாட்டைச் செய்தார். பக்கத்து மருத்துவமனையில் தையல் போடுகிற பிரிவில் ஒருவரிடம் பேசி, மாதம் ஒரு முறை அந்த எண்ணிக்கையை வாங்க முடியுமா பாருங்கள், பெயர் வேண்டாம், தெருவும் நேரமும் போதும். அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு பையன்களிடமே "சனிக்கிழமை ராத்திரி அந்த முனையில் ஏன் இத்தனை பேர்?" என்று கேளுங்கள். காரணம் அவர்களுக்குத் தெரியும், உங்களிடம் சொல்வார்களா என்பது அதுவரை நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைப் பொறுத்தது.